பேடு காயும் நேரம்

எந்த நிறக் கார் பட்டறைக்கு வந்திருக்கிறது என்பதைப் பின்கட்டில் இருந்த பக்கெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிவப்பு மாருதிக்குக் கம்பவுண்ட் போட்ட அன்று தண்ணீர் செங்கல் நிறத்தில் நிற்கும். நீல ஃபியட் வந்திருந்தால் நீலம். வெள்ளை அம்பாசடர் என்றால் பக்கெட்டும் வெளுத்திருக்கும், அதை அலசிய என் முழங்கையும் வெளுத்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு டிங்கரிங், பெயின்டிங் பட்டறை. புதிதாகச் சேர்ந்த பையனுக்கென்று சில வேலைகள் எப்போதும் காத்திருக்கும். டீ வாங்கி வருவது, வாட்டர் பேப்பரை ஊறப்போடுவது, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் தையலும் பட்டனும் இருக்கும் துண்டுகளைப் பொறுக்கித் தனியே எடுப்பது. சாயங்காலமானால் பேடு அலசுவது. பாலிஷ் மெஷினைத் தொட விடமாட்டார்கள். அதில் மாட்டுகிற பேடு மட்டும் முழுக்க என் பொறுப்பு. அந்த வயதில் இது அவமானமாகத்தான் தெரிந்தது. வண்டியைப் பளபளக்க வைத்துப் பேர் வாங்குகிறவர் ஒருவர், அதற்குப் பிறகு அழுக்கைக் கசக்குகிறவன் வேறொருவன்.

அன்றைக்கு மெஷினில் மாட்டியது ஆட்டு ரோமத்தில் செய்த கம்பளிப் பேடு. ஏழெட்டு அங்குல வட்டம், புசுபுசுவென்று இருக்கும். வண்டிகளுக்கு அடித்தது பெரும்பாலும் என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். நிறம்தான் மேல்பூச்சு, அதற்கு மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட் எதுவும் கிடையாது. வெயிலில் வெளிறிப்போன மேல்படலத்தைக் கம்பவுண்ட் சுரண்டி எடுக்கும். எடுத்த நிறம் கம்பளியில் ஏறும். அதனால் பேடு அழுக்காகிவிட்டதா என்று யோசிக்க வேண்டியதே இல்லை, பார்த்தாலே தெரியும். சிவப்பு ஏறிய பேடோடு வெள்ளை வண்டியை எவனும் நெருங்க மாட்டான்.

பின்னால் கிளியர் கோட் வந்தபோது இந்த வசதி போய்விட்டது. நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு படலம். பாலிஷ் போட்டால் கழிவது அந்தப் படலம் மட்டுமே. பேடு எந்த நிறமும் ஏறாமல், கம்பவுண்டின் வெளுப்போடு சும்மா உட்கார்ந்திருக்கும். சுத்தமான பேடுக்கும் நிறைந்த பேடுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது. பழைய ஆட்கள் பலர் தடுமாறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கை அதே கைதான், மெஷினும் அதே மெஷின்தான். ஆனால் நேற்றைய சரக்கு நிறைந்த பேடு இன்று புது வண்டியில் வட்ட வட்டமாகக் கோடு போட்டுவிடும். வெயிலில் நிறுத்தினால்தான் தெரியும். கறுப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளை அம்பாசடர்கள் எத்தனையோ பேருடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

எங்கள் மேஸ்திரி பேடுக்குச் சோப்புத் தூள் போட விடமாட்டார். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பூந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்திருப்பார். வீட்டில் பட்டுப்புடவைக்கு எதைப் போட்டார்களோ அதுவேதான். எனக்கு அது பழைய காலத்துப் பிடிவாதமாகத் தெரிந்தது. பல வருடம் கழித்துத்தான் காரணம் விளங்கியது: ஆட்டு ரோமமும் நம் தலைமயிரும் கெரட்டின் என்ற ஒரே புரதம். துணி துவைக்கிற தூளின் காரம் அந்தப் புரதத்தை மெல்லத் தின்னும். ரோமம் மொடமொடத்து உதிரும். பூந்திக்கொட்டை நுரையில் அந்தக் காரம் இல்லை. சுடுதண்ணீரும் கூடாது. சூட்டில் வைத்துக் கசக்கினால் ரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு கம்பளி சிக்குப் பிடித்துச் சுருங்கிவிடும். பிறகு என்ன செய்தாலும் விரியாது.

"சாயம் போயிருச்சுங்ணா" என்று ஒரு நாள் பேடை நீட்டினேன்.

வாங்கி விரலை உள்ளே விட்டு அடிவரைக்கும் தடவினார். "சாயம் போனாப் போதுமா கண்ணு? உள்ளே நெறுநெறுங்குது பாரு."

அந்த நெறுநெறுப்புதான் விஷயமே. கம்பவுண்டில் அறுக்கிற பொருளாக இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. அந்தத் துகள் எண்ணெயும் நீரும் கலந்த குழம்பில் மிதந்துகொண்டு வரும். வேலை நடக்கும்போது சுரண்டி எடுத்த பெயின்ட் தூளோடு சேரும். ஈரமாக இருக்கும்வரை பயமில்லை. காய்ந்துவிட்டால் கடுகளவுக் கட்டிகளாக இறுகி ரோமத்தின் அடியில் ஒளிந்துகொள்ளும். அடுத்த வண்டியில் அழுத்தும்போது வெளியே வரும். கார்களின் கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் கனம்கூட இல்லாத அந்தப் படலத்தில் ஒரு கட்டி கோடு போட்டால், அதை எடுக்க மறுபடியும் அதே படலத்தைத்தான் கழிக்க வேண்டும். அதனால் பேடு அலசுவது மாலை வேலை என்றாலும், அதைத் தண்ணீரில் போடுவதை அதுவரை தள்ளக் கூடாது. இறக்கிய சூட்டோடு தண்ணீரில் போட்டுவிட வேண்டும். இறுகிய கம்பவுண்டை நாள் முழுக்க ஊறவைத்தாலும் முழுதாகக் கரையாது.

வேலையின் நடுவிலேயே பேடைச் சுத்தம் செய்வதும் உண்டு. மேஸ்திரி மெஷினை மடியில் அணைத்துக்கொண்டு, சுற்றுகிற கம்பளியில் முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரைச் சாய்த்துப் பிடிப்பார். பறக்கிற வெள்ளைத் தூள் புருவத்தில் படியும். பார்க்கச் சாகசமாக இருக்கும். யாரும் செய்ய வேண்டாம். இதற்கென்றே பல் வைத்த சின்னச் சக்கரம் வருகிறது. பின்னால் வந்த ஸ்பாஞ்ச் பேடாக இருந்தால் நைலான் பிரஷ் போதும். அல்லது மெஷின் மெதுவாகச் சுற்றும்போது பேடை ஒரு தேங்காய்ப்பூத் துண்டில் அழுத்தினால் மேலே இருக்கும் சரக்கைத் துண்டு வாங்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூளைப் பறக்கவிடுகிறவர்களும் உண்டு. எனக்கும் அந்த வழிதான் பிடிக்கும், ஆனால் பெயின்ட் அடிக்கிற இடத்துக்கு நாலு அடி தள்ளி அல்ல, நாற்பது அடி தள்ளி. பல பாலிஷ்களில் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. அது காற்றில் பறந்து, பெயின்டுக்குத் தயாராக நிற்கும் பேனலில் ஒரு துளி உட்கார்ந்தாலும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி வட்டக் குழியாக நிற்கும். பெயின்டர்கள் பிஷ் ஐ என்பார்கள். எங்கிருந்து வந்தது என்று துப்பறிந்து முடிப்பதற்குள் பெயின்டரும் பாலிஷ்காரரும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருப்பார்கள்.

இதுவரைக்கும் எல்லாரும் கவனமாகத்தான் செய்வார்கள். என்ன சோப்பு, எத்தனை தண்ணீர் என்று கேட்பார்கள்; இப்போது ஆரஞ்சு வாசனையோடு பேடுக்கென்றே தனித் திரவங்கள் வருகின்றன, அவையும் நன்றாகவே எண்ணெயைக் கரைக்கின்றன. ஆனால் இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, அலசத் தெரியாமல் கெட்ட பேடுகளைவிடக் காய வைக்கத் தெரியாமல் கெட்டவைதான் அதிகம்.

முதல் கொலை பிழிவதில் நடக்கிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற பழக்கம் நம் கையில் ஊறியது. பேடை முறுக்கினால் ஸ்பாஞ்சின் அறைகள் கிழியும், பின்னால் வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசை விளிம்பிலிருந்து விடத் தொடங்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்த மட்டும்தான் வேண்டும். மீதித் தண்ணீரை மெஷினே எடுத்துவிடும்: 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டுக்குள் பேடை இறக்கி, இருக்கிற வேகத்திலேயே குறைந்ததில் சுற்றவிட வேண்டும். 600 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஏழு அங்குலப் பேடின் விளிம்பில் இருக்கும் தண்ணீரை அதன் எடையைப் போல 35 மடங்கு விசை வெளியே தள்ளும். எந்தக் கையும் அந்த அளவுக்குப் பிழியாது. பக்கெட்டின் உள்சுவரில் தண்ணீர் அறைகிற சத்தம் குறைந்து நின்றதும் எடுத்துவிடலாம்.

பிறகு வெயிலா, நிழலா என்ற வழக்கு. மேஸ்திரி நிழல் கட்சி. கம்பளிக்கு அது சரியான கட்சி என்பதில் சந்தேகமில்லை. பிறகு வந்த ஸ்பாஞ்ச் பேடுகளுக்கு அது இன்னும் முக்கியமாகிவிட்டது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சை நேர் வெயிலில் வைத்தால் முதலில் மஞ்சளிக்கும், பிறகு விரல் பட்ட இடத்தில் தூளாக உதிரும். வேண்டியது வெயில் அல்ல, காற்று.

காற்றுக்குக் கோவையில் பஞ்சமில்லை. ஜூன் தொடங்கிவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று விடாமல் அடிக்கும்; ஆடியில் தகரக் கூரையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். கட்டி வைத்த பேடு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் அதே காற்று தெருவின் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்து ஈரமான கம்பளிக்குள் ஊதும். மண்ணில் இருப்பதும் கடினமான படிகம்தான். அத்தனை நேரம் அலசியதெல்லாம் வீண். இதற்கு மேஸ்திரி கண்டுபிடித்திருந்த வழியை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. பழைய கொசுவலை ஒன்றைப் பின்கட்டு உத்தரத்தில் கட்டி, அதற்குள் கொடி போட்டுப் பேடுகளைத் தொங்கவிடுவார். காற்று நுழையும், மண் குறையும். வாரம் ஒருமுறை வலையைத் துவைப்பதும் என் வேலைதான். பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளர்கள், உள்ளே யாரோ குழந்தையைத் தூங்க வைத்திருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திப் பேசியது உண்டு.

தண்ணீரிலும் அவர் பேதம் பார்ப்பார். வண்டி கழுவ போர் தண்ணீர். கடைசி அலசலுக்கு மட்டும் குடத்தில் பிடித்து வைத்த சிறுவாணித் தண்ணீர். குடிக்கிற தண்ணீரில் பேடு அலசுவதா என்று முதலாளி சத்தம் போடுவார்.  போரின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் நீர் மட்டும்தான் போகும், உப்பு பேடிலேயே தங்கும். சில மாதத்தில் ஸ்பாஞ்சின் ஓரம் விறைத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் கையை நம்பமாட்டார். வேலை செய்து தடித்த கைக்கு ஈரம் தெரியாது. "கன்னத்துல வச்சுப் பாரு கண்ணு" என்பார். ஸ்பாஞ்சில் இது இன்னும் ஏமாற்றும். உள்ளே அறைக்கு அறை வழி திறந்திருப்பதால் வெளிப்பக்கம் சீக்கிரம் உலர்ந்துவிடும்; வெல்க்ரோவை ஒட்டிய அடிப்பாகத்தில், பசை இருக்கிற இடத்தில், கடைசி ஈரம் தங்கும். பேடைத் தரையில் வெல்க்ரோ கீழே இருக்கும்படி வைத்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பசைக்கு இறங்கும். அதனால் வெல்க்ரோவை மேலே வைத்து, ஸ்பாஞ்ச் முகத்தைச் சுத்தமான துணியின் மேல் கவிழ்ப்பதுதான் எனக்குச் சரியாக வந்திருக்கிறது. கம்பித் தட்டின் மேல் துணி விரித்து வைத்தால் இன்னும் நல்லது. முகம் அழுக்காகிவிடும் என்று மறுப்பவர்கள் உண்டு. துணி சுத்தமாக இருந்தால் எப்படி அழுக்காகும் என்று கேட்பேன். சுத்தமான துணி பட்டறையில் ஏது என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவசரக்காரர்களுக்கு இதெல்லாம் ஆகாது. பிற்பாடு நான் வேலை பார்த்த ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் பெயின்டைச் சுட்டுக் காய வைக்கிற பூத் இருந்தது. 60 டிகிரியில் அரை மணி நேரம். ஒரு ராத்திரி யாரோ அலசிய பேடுகளை வரிசையாக அந்தப் பூத்துக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் எடுத்தால் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன, எல்லாருக்கும் சந்தோஷம். மத்தியானம் ஒரு பேடை மாட்டி 1500 சுற்றுக்கு ஏற்றியதும் ஸ்பாஞ்ச் தனியாகக் கழன்று பறந்து எதிர்ச் சுவரில் அறைந்தது. மெஷினில் மிச்சமிருந்த வெல்க்ரோ வட்டம் பானட்டில் ஒரு பிறையைக் கீறிவிட்டது. ஈரமும் சூடும் சேர்ந்து பசையை இளக்கியிருந்தன. அந்தப் பூத்தில் வைத்த மற்றப் பேடுகளைக் கையால் இழுத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை வாழைத்தோலாக உரிந்து வந்தன.

சுற்ற மட்டும் செய்கிற ரோட்டரி மெஷினோடு போயிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது. 2010-க்குப் பிறகு, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்ஷன் மெஷின்கள் எங்கள் ஊர்ப் பக்கமும் பரவின. 15 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் என்று அதன் வீச்சைச் சொல்வார்கள். வண்டியில் வட்டக் கோடு விழுவது வெகுவாகக் குறைந்தது. பேடுக்குத்தான் கஷ்டம் கூடியது. அந்த ஆட்டத்தில் பேடின் நடுப்பகுதி உள்ளுக்குள் கசங்கிச் சூடாகும். நடுவில் துளை விட்டுப் பேடு செய்வது அந்தச் சூடு வெளியேறத்தான். ஈரம் காயாத பேடை மாட்டினால் இந்தச் சூட்டில் ஸ்பாஞ்ச் தொளதொளத்து நடுவில் குழிந்துவிடும். கம்பவுண்டும் நீர்த்துப்போய் வண்டியெல்லாம் தெறிக்கும். மைக்ரோஃபைபர் பேடும் இந்தச் சமயத்தில்தான் வந்தது. அதற்கு இன்னொரு நோன்பு: துணிக்கு வாசனையும் மென்மையும் தருகிற கண்டிஷனர் பக்கமே போகக் கூடாது, அது இழைகளின் மேல் பூச்சாக உட்கார்ந்து வெட்டுகிற தன்மையைக் கெடுக்கும். காய்ந்த பிறகு பிரஷால் ஒருமுறை எதிர்ப்பக்கம் வாரிவிட்டால் படுத்த இழைகள் எழுந்துகொள்ளும்.

கோவையில் கற்றதில் பாதி சென்னையில் செல்லுபடியாகவில்லை. போரூர் பக்கம் டீட்டெய்லிங் கடையில் சேர்ந்த முதல் ஐப்பசியிலேயே அது தெரிந்துவிட்டது. வடகிழக்கு மழைக்காலத்தில் சென்னைக் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கிறது. அதில் பேடைத் தொங்கவிட்டால் மூன்று நாளானாலும் கன்னத்தில் சில்லென்றுதான் படும், நான்காம் நாள் நாறத் தொடங்கும். கொசுவலை இங்கே கொசுவுக்கு மட்டுமே உதவும். கடையின் உள்ளறையில் கம்பித் தட்டு வைத்து, கீழிருந்து மேலாக டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். சூடில்லாத காற்று, மூடிய அறை, ராத்திரி முழுக்க.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. மரங்கள் விழுந்து நசுங்கியவை டிங்கரிங் கடைக்குப் போயின. கிளையும் இலையும் தேய்த்துக் கீறல் விழுந்தவை எங்களிடம் வந்தன. வேலை குவிந்து கிடந்தது, கரண்ட் இல்லை. பகலில் ஜெனரேட்டர் போட்டு மெஷினை ஓட்டினோம். டீசலும் கிடைப்பது அரிதாக இருந்ததால் ராத்திரி ஒரு ஃபேனுக்காக ஜெனரேட்டர் ஓட்ட முதலாளிக்கு மனம் வரவில்லை. அலசிய பேடுகளை இரண்டு உலர்ந்த துண்டுகளுக்கு நடுவில் வைத்து மேலே ஏறி நின்றோம். துண்டு மாற்றி, துண்டு மாற்றி. அப்படியும் காலையில் ஈரம். அந்த வாரத்தில்தான் முதலாளி ஒரு கணக்குக்கு வந்தார்: காயுமா காயாதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பேடு வாங்கிப் போடுவது மலிவு. அதிலிருந்து ஒரு காருக்கு 5, 6 பேடுகள் எடுத்து வைக்கிறோம். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று பேனலோடு ஓய்வுக்குப் போய்விடும். எதையும் அவசரப்பட்டுக் காய வைக்க வேண்டியதில்லை.

எடுத்து வைப்பது சின்ன விஷயம், காய்ந்துவிட்டால். ஈரம் போகாத பேடை ஜிப் பையில் போட்டு மூடினால் பத்து நாளில் கறுப்புப் புள்ளி விழுந்த பூஞ்சைதான் மிஞ்சும். கம்பளிக்கு எலியும் அந்துப்பூச்சியும் எதிரி. மேஸ்திரி பிஸ்கட் டின்னில் வசம்பைத் துணியில் முடிந்து போடுவார். முடியாமல் சும்மா போட்டால் அதன் சிம்பு ரோமத்தில் சிக்கும் என்பது அவருடைய கணக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மேலே கம்பவுண்ட் டப்பாவை வைக்கிற வழக்கத்தை மட்டும் இன்றும் என்னால் ஒழிக்க முடியவில்லை. நசுங்கிய ஸ்பாஞ்ச் நசுங்கியபடியே நின்றுவிடும், பிறகு மெஷின் தள்ளாடும். முரட்டு வெட்டுக்கு ஒரு பெட்டி, நடுத்தரத்துக்கு ஒன்று, கடைசிப் பளபளப்புக்கு ஒன்று. கடைசிப் பெட்டியின் பேடில் ஒருமுறை முரட்டுக் கம்பவுண்ட் பட்டுவிட்டால் எத்தனை அலசினாலும் நான் அதைத் திரும்ப அதே பெட்டியில் சேர்ப்பதில்லை, ஒரு படி கீழே இறக்கிவிடுவேன். பையன்கள் இதை என் கெடுபிடி என்கிறார்கள். இருக்கட்டும்.

இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி வருகிற பேடு கடைசியில் அலாய் வீலுக்குப் போகும், அதற்குப் பிறகு சைலன்சர் குழாய்க்கு. அந்தக் கட்டத்தில் அதன் வெல்க்ரோ ஓரத்தில் சிவப்பு நூலில் நாலு தையல் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். மார்க்கரில் எழுதினால் அலசும்போது அழிந்துவிடுகிறது. தையல் விழுந்த பேடு மறுபடி பானட் பக்கம் வரக் கூடாது. அதற்கு மட்டும் சோப்புத் தூள் போட்டுக்கொள்ளலாம், வெயிலிலும் காய வைக்கலாம்.